இரண்டாம் கம்பி மட்டும் ஏன் ஓங்கி ஒலிக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிதார் வாசிப்பவர். கிதாரைத் துளையிட மனமில்லாமல், ஒலித்துளையில் மாட்டிக் கழற்றக்கூடிய பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) ஒன்றை வாங்கியிருக்கிறார். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டாம் கம்பி மட்டும் மற்ற கம்பிகளை அமுக்கிவிடுகிறதாம். பிக்அப்பில் பழுதா, தங்கையின் நைலான் கம்பிக் கிதாருக்கும் இதையே மாட்டலாமா என்று கேட்கிறார்.

பழுது எதுவும் இல்லை. சுருளை ஊடுருவும் காந்தப் புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டதைப் பள்ளியில் படித்திருப்போம். பிக்அப்பில் இருப்பதும் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடும் தலைமுடி போன்ற செம்புக் கம்பியும்தான். ஆனால் இரண்டுமே அசைவதில்லை. அப்படியானால் புலம் எப்படி மாறும்? அங்கேதான் கிதார் கம்பி வருகிறது. தனக்கு நேர் மேலே உள்ள எஃகுத் துண்டைப் பிக்அப்பின் காந்தம் இன்னொரு குட்டிக் காந்தமாக்கிவிடுகிறது. மீட்டியதும் அந்தக் குட்டிக் காந்தம் துடிக்கிறது. ஐந்தாம் கம்பி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் சுருளின் மின்னழுத்தமும் 110 முறை ஏறி இறங்குகிறது. ஒலித்துளையிலேயே உட்கார்ந்திருந்தும் இந்தக் கருவி காற்றின் ஒலியைக் கேட்பதில்லை. எஃகின் அசைவை மட்டுமே உணர்கிறது. மேடையில் மைக்கைப் போல எளிதில் ஊளையிடாததற்கும் அதுவே காரணம்.

இப்போது இரண்டாம் கம்பிக்கு வருவோம். சென்ற வாரம் அறுந்துபோன மூன்றாம் கம்பி ஒன்றைக் குறடால் பிடித்து, மேலே சுற்றியிருந்த பொன்னிற இழையைப் பிரித்தெடுத்தேன். பேனா ஸ்பிரிங் போலச் சுருண்டு வந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், அசையவே இல்லை. உள்ளே இருந்த வெள்ளிநிறக் கம்பியோ தாவி ஒட்டிக்கொண்டது. மேலே இருப்பது வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் கலந்தது, காந்தம் அதைச் சீண்டாது. பார்ப்பதற்குத் தடிமனாக இருந்தாலும் பிக்அப்புக்குத் தெரிவது உள்ளிருக்கும் மெல்லிய எஃகு மட்டுமே. முதல் இரண்டு கம்பிகளில் சுற்று கிடையாது, முழுக்க எஃகு. வழக்கமான செட்டில் முதல் கம்பி 0.305 மில்லிமீட்டர், இரண்டாவது 0.406. குறுக்கு வெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால், இரண்டாம் கம்பியில் முதல் கம்பியைவிடச் சுமார் 1.8 மடங்கு எஃகு. மூன்றாவதன் உள்கம்பியும் இதைவிட மெலிது. காதுக்குச் சமமாகக் கேட்கும் ஆறு கம்பிகள் காந்தத்துக்குச் சமமில்லை!

இதைப் பள்ளியில் யாரும் எனக்குக் காட்டவில்லை. ஃபாரடே விதியை ஐந்து மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்தேன். ஒரு சுருள், ஒரு காந்தம், அறுந்த கம்பி ஒன்று: இவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

வெண்கலக் கம்பிக்கென்றே வடிவமைத்த பிக்அப்புகளில் இரண்டாம் கம்பிக்குக் கீழே உள்ள காந்த முனையைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள், அல்லது திருகி இறக்க வசதி இருக்கும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்து, இரட்டைச் சுருளா என்று கேளுங்கள். ஒற்றைச் சுருள், நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் வாங்கிக்கொள்ளும். 1955இல் கிதார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழியில், எதிரெதிராக இயங்கும் இரு சுருள்களில் ரீங்காரம் ஒன்றையொன்று அழிக்கும். காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் கம்பியின் ஒலி மட்டும் கூடும். பேட்டரி இல்லாத பிக்அப்பை நேராக மிக்சரில் செருகினால் ஒலி மங்கிவிடும். இடையில், மின்சைகையை வலுப்படுத்தும் ப்ரீஆம்ப் தேவை. கிதாரின் ஒலித்துளை விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். தங்க முலாம் பூசிய பிளக்கால் ஒலி இனிமையாகும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். தங்கம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான்.

உங்கள் பிக்அப்பில் திருகு இருந்தால் இரண்டாம் கம்பிக்கு நேரே உள்ளதை அரைச் சுற்று இறக்கி வாசித்துப் பாருங்கள், போதவில்லையென்றால் இன்னும் அரைச் சுற்று. தங்கையின் கிதாருக்கு இது உதவாது. நைலானில் காந்தமாவதற்கு எதுவுமில்லை; சுற்றிய கம்பிகளுக்குள்ளும் நைலான் இழைதான். அதற்கு மரத்தின் அதிர்வை உணரும், ஒட்டிக் கழற்றக்கூடிய பீசோ பிக்அப்பை, கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் அருகே ஒட்டுங்கள்.