சாலைக் கணக்கும் மரக் கணக்கும்: எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது?

புதிதாகப் போட்ட சிமென்ட் சாலை ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துவிட்டால், "ஏன் இப்படிப் போட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்போம். வரும் பதில்களும் நமக்குப் பழக்கமானவை: மழை அதிகம், மணல் லாரி போனது, ஒதுக்கிய நிதி போதவில்லை. அதே இடத்தில் "இந்தச் சாலையின் அளவுப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் எதையாவது சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டாவது கேள்விக்கு, முடிந்த வேலையை அளந்து எழுதிய அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தாக வேண்டும், அல்லது ஏன் வைக்க முடியாது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

ஊரக வளர்ச்சித் துறை, வனத்துறை இரண்டுக்கும் இது பொருந்தும். இரண்டு துறைகளும் செலவு செய்வது நம் கண்ணெதிரே இருக்கும் சாலை, கால்வாய், குளம், மரக்கன்று ஆகியவற்றுக்குத்தான். அதனால் காகிதத்தில் இருப்பதையும் தரையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க நிபுணராக இருக்கத் தேவையில்லை. எந்தக் காகிதம் என்று தெரிந்தால் போதும்.

ஒரு சாலை எத்தனை காகிதம்?

ஊராட்சியில் ஒரு வேலை நடந்தால் அதன் பின்னால் ஒரு வரிசை இருக்கும். முதலில் மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. அப்புறம் ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதன்பின் பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டியல் (அதாவது பில்), பணி நிறைவுச் சான்று. மேலிடத்திலிருந்து வந்த நிதி என்றால், கொடுத்த பணம் கொடுத்த வேலைக்கே செலவானது என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றும் கடைசியில் போகும்.

இதில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள். அலுவலகத்தில் இதை 'எம் புக்' என்பார்கள். வேலை முடிந்த இடத்துக்குப் பணி மேற்பார்வையாளர் (ஊர்ப் பேச்சில் ஓவர்சியர்) நேரில் போய் நீளம், அகலம், கனம் அளந்து எழுதுகிற புத்தகம் இது. மேலே இருக்கும் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது இதில் எழுதிய அளவை வைத்துத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம் என்று புத்தகத்தில் இருந்தால் மொத்தக் கான்கிரீட் 45 கன மீட்டர். நீளமும் அகலமும் யார் கண்ணுக்கும் தெரியும், அதில் யாரும் கை வைப்பதில்லை. கனம் மண்ணுக்குள் இருக்கிறது. உண்மையில் போட்டது பத்து சென்டிமீட்டர் என்றால் கான்கிரீட் 30 கன மீட்டர்தான். நடந்து பார்த்தால் அதே சாலை, ஆனால் கான்கிரீட்டுக்குக் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். சாலை ஓரம் உடைந்த இடத்தில் ஒரு அளவுகோலை வைத்தாலே இது தெரிந்துவிடும். அந்த அளவைப் புத்தகத்தில் எழுதிய எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது கேள்வியாகிறது. புத்தகம் கையில் இல்லாமல் "கனம் குறைவு" என்று சொன்னால், எதைவிடக் குறைவு என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, வேலை நடந்த இடத்தில் வைக்கிற பலகையே முதல் ஆவணம். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை அதில் இருக்கும். செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் மனு எழுதும்போது அந்த மூன்றும் வேண்டும். பலகையே இல்லையா? சரி, உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வரி, கட்டணம் போன்ற ஊராட்சியின் சொந்த வருமானம் ஒருபுறம், மாநில நிதிக்குழு மானியம், ஒன்றிய நிதிக்குழு மானியம், திட்ட நிதி மறுபுறம். 15ஆவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 2,36,805 கோடி ரூபாய். இதில் 60 சதவீதத்தை இஷ்டப்படி செலவழிக்க முடியாது என்று விதி இருந்தது. அதில் பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும் என்று ஒதுக்கியே கொடுத்தார்கள். 'குடிநீருக்குப் பணம் இல்லை' என்று யாராவது சொன்னால் இந்தப் பங்கு எங்கே போனது என்று கேட்கலாம். ஊராட்சி வாரியாகக் கணக்கு 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் இருக்கிறது, பார்க்கக் கடவுச்சொல் தேவையில்லை.

கிராம சபையில் என்ன கேட்கலாம்

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சும் நவம்பரும் 2022இல் சேர்ந்தவை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையைச் சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். 'படிவம் 30' என்று கேட்டால் அலுவலர்களுக்கு உடனே புரியும். அந்தப் படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று ஒரு வரியில் முடிப்பது படித்துக் காட்டியதாகாது.

குறைந்தபட்ச வருகைக்கும் விதி உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்த எண்ணிக்கை இல்லாமல் நடந்த கூட்டத்தின் தீர்மானத்தை எதிர்த்துக் கேட்க இடமுண்டு. வருகைப் பதிவேட்டை அப்போதே எண்ணிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. பல ஊர்களில் முதலில் வெற்றுத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதுகிற பழக்கம் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில், குளத்துக் கரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். தீர்மானப் புத்தகத்தின் நகலைப் பிறகு வாங்கிப் பார்த்தால் குளம் என்ற சொல்லே அதில் இல்லை. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது: பேசியதை அங்கேயே தீர்மானமாக எழுதச் சொல்லி, வாசிக்கச் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது. தாமதமாகும், நான்கு பேர் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 'தலைவர் இல்லையே, யாரிடம் கேட்பது' என்று அப்போது பலர் சும்மா இருந்துவிட்டார்கள். தலைவர் போனாலும் சபை போவதில்லை. காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

செலவுக் கணக்கை ஊர்ப் பொதுவில் வைத்துப் படித்துச் சரிபார்ப்பது ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்கள் தொடங்கி வைத்த வழக்கம். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில், செலவுச் சீட்டுகளையும் கூலிப் பட்டியலையும் வாசித்து 'இந்த வேலை நடந்ததா, இந்தக் கூலி வந்ததா' என்று மக்களிடமே கேட்டார்கள். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் 17ஆவது பிரிவாக, சமூகத் தணிக்கை என்ற பெயரில் ஏறியது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கையும் அதே கூட்டங்களில்தான் வலுத்தது. மாநிலங்களில் முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997இல். அது அவ்வளவு உரமான சட்டம் அல்ல என்பது வேறு விஷயம்.

எழுத்தில் கேட்பது

சபையில் கிடைக்காத காகிதத்தை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், உரிய இடத்துக்கு ஐந்து நாளில் அனுப்பி வைப்பது அவர்கள் வேலை.

மனு தோற்கும் இடம் பெரும்பாலும் கேள்வியின் அமைப்புதான். சட்டப்படி 'தகவல்' என்பது பதிவில் இருப்பது. 'ஏன் தரமில்லை', 'யார் பொறுப்பு' என்பதெல்லாம் பதிவில் இருக்காது, அதனால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும். 'இந்த ஆண்டில், இந்தத் திட்டத்தில், இந்தத் தெருவில் நடந்த பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பட்டியல் ஆகியவற்றின் நகல்' என்று கேட்டால் அப்படித் தட்டிக் கழிப்பது கடினம். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

நகலைவிடப் பலமான வழி ஒன்று 2ஆவது பிரிவின் (ஜே) உட்பிரிவில் இருக்கிறது, அதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஆவணங்களை நேரில் போய்ப் பார்வையிடலாம், நடந்த பணியைப் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியையும் எடுக்கலாம். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முப்பது நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் உண்டு. ஆனால் ஆணையத்தில் வழக்கு வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

மரங்கள் விஷயத்தில்

வனத்துறைப் பணம் ஊராட்சிப் பணத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. சுரங்கம், சாலை, மின்தடம் என்று எதற்காவது காட்டு நிலத்தை எடுத்தால், எடுப்பவர் அழியும் காட்டுக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் சேரும் இடம் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி, அலுவலக வழக்கில் 'காம்பா'. காடழிப்பை எதிர்த்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. 2016இல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. நிதியில் 90 சதவீதம் மாநிலங்களுக்கு, 10 சதவீதம் ஒன்றியத்துக்கு. 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் போனது.

இவ்வளவு பணம் மரமாகிறதா? இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், அதாவது சி.ஏ.ஜி., 2013இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 2006 முதல் 2012 வரை எடுத்த காட்டுக்கு ஈடாக, புதிதாகக் காடு வளர்க்க வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் ஏறத்தாழ 1,03,382 ஹெக்டேர். வந்தது 28,086 ஹெக்டேர். அதில் காடு வளர்த்தது சுமார் 7,281 ஹெக்டேர். உத்தரகண்டில் 2019-22 காலத்துக்கான தணிக்கை அறிக்கை 2025 பிப்ரவரியில் சட்டமன்றத்துக்கு வந்தபோது, 13.86 கோடி ரூபாய் காம்பா பணம் வேறு வேலைகளுக்குத் திரும்பியது தெரிந்தது. வாங்கிய பொருள்களில் ஐபோன், மடிக்கணினி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருந்தன. செய்தித்தாள்கள் ஐபோனைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அதைவிட உறுத்திய எண் வேறு: நட்ட கன்றுகளில் பிழைத்தவை 33 சதவீதம் அளவுக்குத்தான், இருக்க வேண்டியது 60 முதல் 65 சதவீதம். ஐபோனையாவது திரும்ப ஒப்படைக்கச் சொல்லலாம்.

அதனால் நடவு விஷயத்தில் 'எத்தனை கன்று நட்டீர்கள்' என்பது பலவீனமான கேள்வி, அந்த எண் எப்போதும் அழகாகவே இருக்கும். நட்ட இடத்தின் எல்லை வரைபடம், ஆண்டுவாரியான பராமரிப்புச் செலவு, பிழைத்த கன்றுகளின் கணக்கெடுப்பு அறிக்கை ஆகிய மூன்றையும் கேளுங்கள். வரைபடம் கையில் இருந்தால் நேரில் போய் எண்ணிவிடலாம்.

சி.ஏ.ஜி. அறிக்கை எப்படி நம் கைக்கு உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். அரசமைப்பின் 151ஆவது உறுப்பின்படி மாநிலக் கணக்குகள் பற்றிய அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொண்டு, துறைச் செயலரைக் கூப்பிட்டுப் பத்தி பத்தியாக விளக்கம் கேட்கும். முறை நல்ல முறைதான், வேகம்தான் இல்லை. சாலை போட்ட பொறியாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாலையின் பத்தி குழுவுக்கு வருவதுண்டு. சட்டமன்றத்தில் வைத்த நாளிலிருந்து அறிக்கை பொது ஆவணம், சி.ஏ.ஜி. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் முன்னுரையை விட்டுவிட்டுக் கடைசியில் இருக்கும் பின்னிணைப்புகளுக்குப் போங்கள். எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், எந்த வனக்கோட்டத்தை மாதிரியாக எடுத்துச் சோதித்தார்கள் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். உங்கள் ஒன்றியத்தின் பெயர் அதில் இருந்தால், அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, 'இந்தப் பத்திக்குத் துறை அளித்த பதிலின் நகல்' என்று ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் வில்லையை ஒட்ட மறக்க வேண்டாம், அது இல்லை என்று திருப்பி அனுப்பிய மனுக்கள் என்னிடமே இரண்டு இருக்கின்றன.