பழைய கம்ப்யூட்டரை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள்

"கேம் ஃபோல்டர் மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துட்டு வந்துட்டேன் அண்ணா, புது கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுங்க" என்று கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஃபோல்டரில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏற்றிவிட்டேன். கேம் திறந்தது, பாஸ்வேர்டு கேட்டது. அங்கேதான் நின்றுவிட்டது.

நான்கு வருடமாக அவர் அந்தப் பாஸ்வேர்டை ஒருமுறைகூட அடித்ததில்லை. பழைய கம்ப்யூட்டர் தானாகவே உள்ளே விட்டுவிடும். கேம் ஐடி, அதாவது அவருடைய கணக்கு, தொடங்கிய மின்னஞ்சல், பள்ளியில் படிக்கும்போது ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டுக் கொடுத்தது. மொபைல் எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் வேறு யாருக்கோ போய்விட்ட அப்பாவின் பழைய சிம். பழைய கம்ப்யூட்டரை முந்தின நாள் இரவே ஃபார்மேட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியதிலிருந்து, புது கம்ப்யூட்டரோடு வருகிறவர்கள் என் கடையில் கூடியிருக்கிறார்கள். எல்லோருடைய கவலையும் அந்த 60, 100 ஜிபி ஃபைல்களைப் பற்றித்தான். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு 2 ஜிபி வைத்திருப்பவருக்கு அது பெரிய கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபைல்கள் போனால் திரும்ப டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆன்லைன் கேம்களில் நீங்கள் ஏறிய லெவல், வாங்கிய ஸ்கின் (பாத்திரங்களின், ஆயுதங்களின் தோற்றம்), சேர்த்த நண்பர்கள் எல்லாம் கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. அவற்றுக்கும் உங்களுக்கும் இருக்கும் ஒரே தொடர்பு அந்த ஐடி. "கேம்தானே, விடு" என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். நான்கு வருட உழைப்பும் நட்பும் ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

அதனால் பழைய கம்ப்யூட்டர் திறந்திருக்கும்போதே ஐடியின் அமைப்புகளுக்குள் போய், எந்த மின்னஞ்சல், எந்த எண் என்று பாருங்கள். கூகுள் வழியாக நுழைந்தீர்களா, ஃபேஸ்புக் வழியாகவா என்பதும் பலருக்கு நினைவிருக்காது. இப்போது உங்கள் கையில் இருக்கும் மின்னஞ்சலுக்கும் எண்ணுக்கும் மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் அதன் மீட்புக் குறியீடுகளை நோட்டில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரும் போனும் ஒரே வாரத்தில் மாற்றுவதாக இருந்தால், ஒன்று சரியான பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

சரி, இனி ஃபைல்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானை மட்டும் பென்டிரைவில் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது சில கேபி அளவுள்ள ஷார்ட்கட், கேம் அதற்குள் இல்லை. முழு ஃபோல்டரைக் கொண்டுவந்தாலும் சில கேம்கள் ஓடாது. இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) எழுதியவையும் கூடவே போட்ட துணை மென்பொருள்களும் ஃபோல்டரோடு வருவதில்லை. அதனால் எப்போதும் லாஞ்சரை, அதாவது கேமை இறக்கித் திறக்கும் ஸ்டீம், எபிக் போன்ற மென்பொருளை, முதலில் புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டுத்தான் நான் ஃபைல்களைக் கொண்டுபோவேன்.

ஸ்டீம் என்றால் வேலை சுலபம். 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'காமன்' என்ற இடத்தில் இருக்கும் கேம் ஃபோல்டரைப் புது கம்ப்யூட்டரில் அதே இடத்தில் வைத்து இன்ஸ்டால் கொடுங்கள். இருப்பதைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். 2023-இலிருந்து இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்து, இரண்டிலும் உங்கள் ஐடியில் ஸ்டீமைத் திறந்து வைத்தால் பழையதிலிருந்து புதியதற்கு நேரடியாக ஃபைல்கள் வந்துவிடும். இதற்கு வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தால் 100 ஜிபி சுமார் கால் மணி நேரம். எபிக் லாஞ்சரில், இன்ஸ்டாலைத் தொடங்கி ஓரிரு சதவீதத்தில் நிறுத்தி, உருவான ஃபோல்டரில் பழைய ஃபைல்களை ஒட்டிவிட்டு மறுபடி தொடர வேண்டும்.

வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமுக்கு நான் காப்பி வேலையே பார்ப்பதில்லை. ஏமாற்றி விளையாடுவோரைப் பிடிக்கும் அதன் வான்கார்ட் காவல் மென்பொருள் விண்டோஸின் அடித்தளத்திலேயே உட்காரும், ஃபோல்டரை ஒட்டினால் வராது. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது நடக்கும் பாதுகாப்புச் சரிபார்ப்பு) இரண்டும் இயங்க வேண்டும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட் சில நேரம் அணைந்திருக்கும். வீடியோ பார்த்து பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) நீங்களே மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், மாற்றியதும் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பின் எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டிக் காப்பி செய்ய நினைத்தால், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருக்கிறதா என்று கழற்றும் முன்பே பாருங்கள். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அதைத் திறக்க என்னாலும் முடியாது. கீ அமைப்புகள், ஸ்கிரீன்ஷாட்கள் போன்றவை பல கேம்களில் கேம் ஃபோல்டரில் இல்லாமல் டாக்குமென்ட்ஸிலோ, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரிலோ இருக்கும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் நீங்கள் தனியாகக் கட்டிய உலகங்கள் இருப்பது அந்த ஆப்டேட்டாவில்தான். சர்வரில் இல்லை.

இத்தனையும் முடிந்து ஒரு வாரம் புது கம்ப்யூட்டரில் விளையாடிப் பார்த்த பிறகு, பழையதில் லாக்அவுட் செய்யுங்கள், பிறகு ஃபார்மேட் செய்யுங்கள். லாக்அவுட் செய்யாமல் விற்றிருந்தால், ஐடியின் அமைப்புகளில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு நாங்கள் கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினோம். ஐடி தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். கேம் வாங்கப் பணம் கட்டியது அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து. அவர் பழைய பணப் பரிவர்த்தனை விவரங்களை வங்கி அறிக்கையிலிருந்து பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நாள் கழித்து ஐடி திரும்ப வந்தது. அந்தத் தம்பி கடையில் உட்கார்ந்து, மின்னஞ்சலையும் எண்ணையும் மாற்றிவிட்டுத்தான் கேமைத் திறந்தார்.