கசிவுநீரின் நிறம்

பினாங்கில் கெக் லோக் சி கோயிலைத் தாண்டி மூச்சிரைக்க மேடேறினால் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு. 1962இல் கட்டியது. கான்கிரீட் சுவரை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்; புல் போர்த்திய மண்கரைதான். "நாலு மரம் வெச்சா நிழலா இருக்குமேப்பா," என்றார் கூட வந்த மாமா. கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடத்தில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அதோடு, ஈரம் எங்கே ஊறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கசியாத மண் அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது, என்ன நிறத்தில் கசிகிறது என்பதைத்தான் பொறியாளர் பார்ப்பார். அளப்பதற்குக் கசிவுநீரை ஓடையில் சேர்த்து, 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் வழியே விடுவார்கள். செங்கோண வெட்டில் நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. நின்றால் நாலு லிட்டருக்கும் மேல். விரற்கடை ஏறினாலே சேதி இருக்கிறது.

தெளிந்த நீர் பரவாயில்லை. கலங்கி வந்தால் கரையே உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை, முதன்முறை நிரப்பும்போதே, 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் கரை இல்லை. 11 பேர் இறந்தார்கள்.

ஆபத்து என்றால் முதல் உத்தரவு, நீர்மட்டத்தை இறக்கு என்பதே. ஆழம் பாதியானால் கரையின் மீதான மொத்தத் தள்ளுவிசை கால்வாசியாகிவிடும். ஆனால் மளமளவென்று இறக்கினால், ஊறிப்போன நீர்ப்பக்கச் சரிவு இடிந்து விழும். கீழே குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள்: 2013 அக்டோபரில் கேமரன் மலையின் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து இரவில் திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோனது.

இறக்கச் சொல்வது யார்? தேக்கிய நீர் அணைக்காரருக்குக் காசு. அவராக மனமுவந்து திறந்துவிட மாட்டார். பிரிட்டனில் 1925இல் டோல்கரோக்கில் அணை உடைந்து 16 பேர் மாண்ட பிறகு, 1930இல் சட்டம் வந்தது: 10 ஆண்டுக்குள் ஒருமுறையாவது வெளிப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் 1972இல் பஃபலோ கிரீக்கில் அணை உடைந்து 125 பேர் இறந்த ஆண்டிலேயே ஆய்வுச் சட்டம் பிறந்தது. அது ராணுவப் பொறியாளர்களுக்குப் பார்த்து மாநில ஆளுநரிடம் சொல்லும் அதிகாரத்தைத் தந்தது; சரிசெய்ய வைப்பது மாநிலத்தின் பாடு. பணமும் ஒதுக்காததால் சட்டம் தூங்கியது. 1977 நவம்பரில் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் இறந்த பிறகே முழு ஆய்வு தொடங்கியது.

மலேசியாவில் மத்திய அரசின் வடிகால் நீர்ப்பாசனத் துறை 2017இல் 'மைடாம்ஸ்' என்ற அணைப் பாதுகாப்பு வழிகாட்டியைக் கொண்டுவந்தது. என்ன பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. பெயரிலேயே வழிகாட்டி; சட்டமல்ல. நிலமும் ஆறும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில். ஆகவே, தகட்டில் ஒருநாள் நீர் கலங்கினால் அதைப் பார்ப்பவரும் மதகைத் திறக்கச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.