மறுதொடக்கம் அழித்துவிடும் தடயங்கள்

"நிரல் நின்றுவிட்டது, மூடித் திறந்தேன், இப்போது சரியாக ஓடுகிறது" என்று பயனர் ஒருவர் சொல்லி முடிக்கும்போதே, பிழையைத் தேட வேண்டியவரின் கைக்கு எட்டியிருக்க வேண்டிய தடயங்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத்தொடர்களான இழைகளில் எது எந்த வரியில் காத்துக்கிடந்தது, நினைவகத்தில் என்ன இருந்தது, கோப்பு, சாளரம் போன்றவற்றைப் பயன்படுத்த நிரல் வாங்கும் கைப்பிடிகள் எத்தனை திறந்து கிடந்தன என்ற விவரங்கள் அனைத்தும் ஓடிக்கொண்டிருந்த நிரலான அந்தச் செயல்முறையோடு சேர்ந்து அழிந்துவிடுகின்றன. விண்டோஸ் மேசைக்கணினி நிரல்களை எழுதுவதிலும் பிறர் எழுதியவற்றைச் சீர்செய்வதிலும் பல ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற முறையில், "கண்டுபிடிக்கவே முடியாத பிழை" என்று என்னிடம் வந்தவற்றில் பலவும் சான்று அழிக்கப்பட்ட சாதாரணப் பிழைகளாகவே இருந்தன என்று சொல்ல முடியும்.

பொருள்களை எடைபோட்டு ஒட்டுச்சீட்டு அச்சிடும் நிரல் ஒன்று அப்படித்தான் வந்தது. சி++ மொழியில், விண்டோஸ் தரும் வின்32 செயற்கூறுகளை நேரடியாக அழைத்து எழுதப்பட்டிருந்த அந்த நிரல் காலையில் ஒழுங்காக இயங்கும். பிற்பகலில் பட்டன்களின் மேலுள்ள எழுத்துகள் காணாமல் போகும், மெனு வெறும் பட்டையாகத் தெரியும், கடைசியில் நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடும். கணினியிலோ பாதிக்கு மேல் நினைவகம் காலியாகவே இருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் கூடுதல் நினைவகம் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள், பொருத்தியும் பயனில்லை. ஊழியர்கள் மதிய இடைவேளையில் நிரலை மூடித் திறக்கப் பழகிக்கொண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த மூடித் திறத்தல் அன்றாடப் பணிக் குறிப்பில் ஒரு வரியாகவே ஏறியிருந்தது.

ஒரே ஒரு நாள் மட்டும் மூடாமல் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ஜிடிஐ பொருள்கள் என்ற நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு, அந்த எண்ணை மணிக்கொரு முறை தாளில் குறித்து வைக்கச் சொன்னேன். திரையில் வரைவதற்குப் பயன்படும் தூரிகை, பேனா, எழுத்துரு, படம் போன்றவற்றை விண்டோஸ் ஜிடிஐ பொருள்களாகக் கணக்கு வைக்கிறது. ஒரு செயல்முறைக்கு இயல்பாக அனுமதிக்கப்படும் உச்ச அளவு 10,000. கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் இந்த எண் மாறுவதில்லை. ஊழியர் குறித்துத் தந்த தாளில் எண் சீராக ஏறிக்கொண்டே போயிருந்தது. அட்டவணையை ஐந்து வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செயற்கூறு ஒரு தூரிகையையும் ஒரு பேனாவையும் உருவாக்கியது. இறுதியில் அவற்றை விடுவிக்கவும் செய்தது. ஆனால் நடுவே இருந்த ஒரு நிபந்தனை உண்மையானால், விடுவிக்கும் வரிகளை எட்டாமலேயே திரும்பிவிட்டது. ஐந்து வினாடிக்கு இரண்டு என்றால் 10,000 நிறைய 25,000 வினாடி, அதாவது ஏறத்தாழ ஏழு மணி நேரம். காலை எட்டு மணிக்குத் திறந்த நிரல் மூன்று மணிக்கு நின்றதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பிழை எப்போது வந்தது என்பதைவிட, நிரல் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று கேட்பது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. தொடங்கிய நேரத்தோடு சேர்ந்து நகரும் பிழை பெரும்பாலும் ஏதோ ஒன்று கசிவதைக் காட்டுகிறது. சுமார் 49.7 நாள்களுக்குப் பிறகு மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால், கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து மில்லிவினாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி நிறைந்து மீண்டும் சுழியத்துக்குத் திரும்பியதா என்று முதலில் பார்க்கிறேன். இரண்டு வார இடைவெளியில் எல்லோரும் மறுதொடக்கம் செய்துகொண்டிருக்கும் இடத்தில் இந்தப் பிழை ஒருநாளும் வெளிவராது.

உறைந்துபோகும் நிரல்கள் வேறு வகை. சாளரமொன்று ஐந்து வினாடிகளுக்கு மேல் தனக்கு வந்த செய்திகளை எடுத்துக் கவனிக்கவில்லை என்றால், விண்டோஸ் அதைப் பதிலளிக்காத சாளரமாகக் கருதி, அதன் இடத்தில் அதே தோற்றமுள்ள ஒரு மாற்றுச் சாளரத்தை வைக்கிறது. வெளிறிப்போன திரையைப் படமெடுத்துப் பயனர் அனுப்பும்போது நாம் பார்ப்பது அந்த மாற்றுச் சாளரத்தைத்தான். நிரலின் உள்நிலை பற்றி அந்தப் படம் எதையும் சொல்வதில்லை. சொல்லக்கூடியது, நிரலின் அப்போதைய நிலையை நகலெடுத்து வைக்கும் டம்ப் கோப்பு மட்டுமே. உறைந்த நிலையில் இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் அந்தச் செயல்முறையின் மீது வலச்சொடுக்கி, நினைவக டம்ப் கோப்பை உருவாக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கணத்தில் ஒவ்வோர் இழையும் எங்கே நின்றது என்பது பதிவாகிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் நிரலுக்கு வழக்கமான டாஸ்க் மேனேஜர் 64 பிட் முறையிலேயே டம்ப் எடுக்கிறது, மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய நிரல்களில் அந்தக் கோப்பைப் படிப்பது பெரும்பாடாகிவிடும். சிஸ்வாவ்64 கோப்புறையில் உள்ள 32 பிட் டாஸ்க் மேனேஜரையோ, டம்ப் எடுப்பதற்கென்றே உள்ள பிராக்டம்ப் கருவியையோ பயன்படுத்துவது நல்லது.

அப்படி எடுத்த ஒரு டம்ப், மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கை அரை மணி நேரத்தில் முடித்து வைத்தது. நிரலை மூடும்போது சில வேளைகளில் மட்டும் அது உறைந்துவிடும். எழுதியவரின் கணினியில் ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை. டம்ப் கோப்பை விண்டிபக் என்ற பிழைத்திருத்திக் கருவியில் திறந்து, இரண்டு இழைகளின் அழைப்படுக்கையும், அதாவது எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசையையும், அருகருகே வைத்துப் பார்த்தபோது காரணம் வெளிப்படையாகத் தெரிந்தது. சாளரத்தை நிர்வகிக்கும் முதன்மை இழை, பின்னணி இழை முடியட்டும் என்று ஜாயின் அழைப்பில் காத்திருந்தது. பின்னணி இழையோ, வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதைத் திரையில் எழுதுவதற்காக இன்வோக் அழைப்பின் வழியே முதன்மை இழைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அது கவனிக்கப்படும் வரை காத்திருந்தது. ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் நின்றன. எழுதியவரின் சோதனைக் கோப்பு சிறியது என்பதால், மூடும் பட்டனை அழுத்துவதற்குள் பின்னணி வேலை முடிந்துவிடும்; பயனரின் கோப்புகள் பெரியவை. இன்வோக்குக்குப் பதிலாக, செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திராமல் திரும்பும் பிகின் இன்வோக்கைப் போட்டால் உறைவது நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மூடப்பட்ட சாளரத்தில் எழுத முயலும் புதிய பிழைக்கு அது வழிவிடும். மூடும் கோரிக்கையை அப்போதைக்கு நிறுத்தி வைத்து, பின்னணி இழைக்கு நிறுத்தச் சொல்லி அறிவித்து, அது முடிந்ததாகத் தெரிவித்த பிறகு சாளரத்தை மூடுவதே சரியான ஏற்பாடு என்பது என் கருத்து.

தானாக நொறுங்கி மூடிக்கொள்ளும் நிரல்கள், விண்டோஸில் பதிவான நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் பயன்பாட்டுப் பதிவேட்டில் 1000 என்ற எண்ணுள்ள நிகழ்வாகத் தம் மரணக் குறிப்பை விட்டுச்செல்கின்றன. உறைந்து மூடப்பட்டவை 1002 என்ற எண்ணிலும், டாட்நெட் நிரலில் கையாளப்படாத விதிவிலக்குகள் (ஓட்டத்தின்போது எழும் பிழை அறிவிப்புகள்) 1026 என்ற எண்ணிலும் பதிவாகின்றன. அந்தக் குறிப்பில் உள்ள பதினாறடிமானக் குறியீட்டை எழுதி அனுப்பச் சொன்னாலே பாதி வழி தெளிந்துவிடும். சி0000005 என்றால் அனுமதியற்ற நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. சி00000எஃப்டி என்றால் செயற்கூறு அழைப்புகளுக்கான அடுக்கு நிரம்பி வழிந்திருக்கிறது. தன்னைத்தானே முடிவின்றி அழைக்கும் செயற்கூறைத் தேட வேண்டும். சி0000374 என்றால் ஹீப் எனப்படும் நினைவகக் குவியல் சிதைந்திருக்கிறது.

இந்த மூன்றாவது வகையில்தான் மிகுந்த நிதானம் தேவைப்படுகிறது. குவியல் சிதைவில் நிரல் நொறுங்கும் இடத்துக்கும் தவறு நிகழ்ந்த இடத்துக்கும் தொடர்பே இருக்காது. பத்து எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பதினொன்றாவதை எழுதிய வரி அமைதியாகக் கடந்துபோயிருக்கும். பல நிமிடம் கழித்து, குற்றமே செய்யாத வேறொரு செயற்கூறு நினைவகம் கேட்கும்போது நிரல் விழும். பதிவேட்டில் குற்றவாளியாக என்டிடிஎல்எல் என்ற விண்டோஸின் சொந்த நூலகத்தின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து விண்டோஸில் பிழை என்று முடிவுகட்டி, இயங்குதளத்தையே மறுபடி நிறுவச் சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். செய்ய வேண்டியது, ஜிஃபிளாக்ஸ் கருவியால் அந்த நிரலுக்கு முழு பேஜ் ஹீப் என்ற சோதனை முறையை இயக்கி வைப்பது. ஒவ்வோர் ஒதுக்கீட்டின் இறுதியும் தொடக்கூடாத ஒரு பக்கத்தை ஒட்டி வைக்கப்படுவதால், எல்லை மீறி எழுதும் வரியிலேயே நிரல் பெரும்பாலும் நின்றுவிடும். நினைவகம் மிகுதியாகச் செலவாகும், நிரல் மெதுவாகும். அந்தச் சிரமத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பிழை தேடுவதற்கெனத் தொகுக்கும் டிபக் பதிப்பில், நினைவக முகவரியை வைத்திருக்கும் ஒரு சுட்டியின் மதிப்பு பதினாறடிமானத்தில் சிடி என்றே திரும்பத் திரும்ப நிரம்பியிருந்தால் ஒதுக்கியபின் மதிப்பிடப்படாத நினைவகம் என்றும், டிடி என்று நிரம்பியிருந்தால் விடுவித்தபின் மீண்டும் தொடப்பட்ட நினைவகம் என்றும் பொருள்; விஷுவல் சி++ இயக்கநேர நூலகம் இவற்றை வேண்டுமென்றே நமக்காக நிரப்பி வைக்கிறது.

தடயத்தை அழிப்பவர் பயனர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அதைவிட அதிகமாக நாமே அழிக்கிறோம். விதிவிலக்கைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும் வெற்றுக் கேட்ச் தொகுதிகளை எத்தனையோ நிரல்களில் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். சேமிக்கும் செயற்கூறைச் சுற்றி அப்படி ஒன்றைப் போட்டால், பயனர் தம் நாள் முழுவதன் உழைப்பு சேமிக்கப்பட்டது என்று நம்பி வீட்டுக்குப் போவார். டாட்நெட்டில் சாளரங்களை அமைக்கும் வின்ஃபார்ம்ஸ் நூலகத்தில் எழுதிய நிரல்களில் கையாளப்படாத விதிவிலக்கு எழும்போது இயல்பாக வரும் உரையாடல் பெட்டியில் தொடர்வதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. பயனர் அதைத்தான் அழுத்துவார், பாதி மாறிய தரவோடு நிரல் தொடர்ந்து ஓடும். நான் பொறுப்பேற்கும் நிரல்களில் விதிவிலக்கின் முழு அழைப்படுக்கையும் கோப்பில் எழுதிவிட்டு, நிரலை முறையாக நிறுத்திவிடுகிறேன். சி++ நிரல்களில் இதற்கு இணையான தவறு, பிழை எண்ணைத் தரும் கெட் லாஸ்ட் எரர் செயற்கூறைத் தாமதமாக அழைப்பது. நடுவில் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதினால்கூட அந்த எழுத்து வேலை பழைய எண்ணை அழித்துவிடக்கூடும்.

பிழைத்திருத்தியும் சில வேளைகளில் தடயத்தைக் கலைக்கிறது. சாளரத்தை வரையும் செயற்கூறிலோ குவியம் (விசைப்பலகை உள்ளீட்டைப் பெறும் நிலை) மாறும் நிகழ்விலோ, நிரலை அங்கே நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்தால், நிரல் நிற்கும்போது குவியம் பிழைத்திருத்திக்குப் போகிறது; தொடரச் சொன்னதும் மீண்டும் குவியம் மாறி, மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது. இத்தகைய இடங்களில் அவுட்புட் டிபக் ஸ்டிரிங் செயற்கூறு வழியே ஒரு வரி எழுதி, அதை டிபக்வியூ கருவியில் படிப்பதே பாதுகாப்பானது.

"என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை" என்ற வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிராசஸ் மானிட்டர் போதும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கி, 2006-இல் மைக்ரோசாஃப்ட்டிடம் சேர்ந்த சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான இது, நிரல் தேடிய ஒவ்வொரு கோப்பையும் விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவையும், கிடைத்ததா, அனுமதி மறுக்கப்பட்டதா என்பதோடு சேர்த்துக் காட்டுகிறது. காணாமல் போன டிஎல்எல் நூலகம், தவறான கோப்புறையில் தேடல், 32 பிட் நூலகத்தை 64 பிட் நிரல் ஏற்ற முயன்றது ஆகியவை சில நிமிடங்களில் வெளிப்படும். தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் இல்லாத பழைய 32 பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத முயன்றால், விஸ்டா முதல் விண்டோஸ் அதைப் பயனரின் விர்ச்சுவல்ஸ்டோர் கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. ஒரே கணினியில் இரண்டு பயனருக்கு இரண்டு வகை அமைப்புகள் தெரிவதன் காரணம் பலமுறை இதுவாகவே இருந்திருக்கிறது.

இவை அனைத்தும் பயன்பட வேண்டுமானால், நிரலை வெளியிடும் நாளிலேயே இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். முதலாவது, வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பின் நினைவக முகவரிகளை மூல நிரலின் வரிகளோடு பொருத்தும் பிடிபி கோப்புகளையும் பத்திரப்படுத்துவது. அதே மூல நிரலைப் பிறகு மறுபடி தொகுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாகப் புதிய தொகுப்புக்குப் புதிய அடையாள எண் அமைந்துவிடுவதால், பிழைத்திருத்தி அதைப் பழைய டம்ப்போடு பொருத்த மறுத்துவிடும். இரண்டாவது, விண்டோஸ் பிழை அறிவிப்பு அமைப்பின் லோக்கல் டம்ப்ஸ் என்ற ரெஜிஸ்ட்ரி பதிவை, பயனரின் ஒப்புதலோடு, இயக்கி வைப்பது. இயல்பில் அது இயக்கப்படுவதில்லை. இயக்கிவிட்டால் நிரல் நொறுங்கும்போதெல்லாம் யாரும் தொடாமலே டம்ப் சேர்ந்துவிடும், வேறு எண் குறிப்பிடாவிட்டால் கடைசிப் பத்துக் கோப்புகள் தங்கியிருக்கும்.

ஒப்புதல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முழு டம்ப் என்பது அந்தச் செயல்முறையின் நினைவகம் முழுவதன் நகல். பயனர் சற்றுமுன் தட்டச்சு செய்த கடவுச்சொல், திறந்திருந்த ஆவணம், வாடிக்கையாளர்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் அதில் படிக்கும் நிலையில் இருக்கலாம். அதை மின்னஞ்சலில் இணைத்தோ பொதுப் பகிர்வுத் தளத்தில் ஏற்றியோ அனுப்பச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பதை முதலில் எழுத்தில் தெரிவித்து, அழைப்படுக்கு மட்டும் போதுமான இடத்தில் சிறிய டம்ப்பையே கேட்டு, முழு டம்ப் தேவையென்றால் குறியாக்கம் செய்த வட்டில் வாங்கிக்கொள்கிறேன். திருத்தம் உறுதியானதும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, அழித்த நாளைக் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.