பட்டாளம் ஓடும் கணக்கு

‘சதுரங்கத்தில் பகடை கிடையாது. போர் விளையாட்டுக்கு மட்டும் எதற்கு?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் நண்பனிடம் ஒரு குன்றைப் பறிகொடுத்திருந்தேன். அதனால் பதில் கையிலேயே இருக்கிறது.

நாங்கள் ஆடுவது மேஜைமேல் நடக்கும் 19ஆம் நூற்றாண்டுப் போர். விரல் உயரப் பொம்மை வீரர்கள், தூரம் அளக்க ஒரு டேப், பகடைகள், அவ்வளவுதான். ராஜ்ஜியங்கள் இரண்டும் கற்பனை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை ஆடினால், சாயங்காலம் அவரது எதிரிகளின் உதவிக்குப் பிரஷ்ய (ஜெர்மானிய அரசு) படை வரும் என்று இருவருக்கும் தெரியும். இல்லாத நாட்டின் போருக்கு முடிவை யாரும் எழுதி வைக்கவில்லை.

பகடையைப் போர்ப் பயிற்சிக்குள் உருப்படியாகக் கொண்டுவந்தவர், பிரஷ்ய ராணுவத்தின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ். தந்தை தொடங்கிய விளையாட்டைச் செப்பனிட்டு 1824இல் விதிகளை வெளியிட்டார். 1:8000 அளவில் வரைபடம், சிவப்பும் நீலமுமாகப் படைகள், ஒரு சுற்றுக்கு 2 நிமிடப் போர், நடுவில் ஒரு நடுவர். சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். பலகைகளைச் சுட்டு, ஓட்டைகளை எண்ணிய ராணுவச் சோதனைகள் அதற்கு முன்பே நடந்திருந்தன. இப்படி எண்ணுவதற்கு இன்று யாராவது நிதி கேட்டால் ‘இதனால் என்ன பயன்?’ என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

சரி, குன்றுக்கு வருவோம். அந்தக் காலப் போர்களில் கடைசி ஆள் வரை செத்துத் தோற்ற படைகள் குறைவு. பாதியிலேயே பயந்து ஓடித் தோற்றவையே அதிகம். எங்கள் விதியில் இதற்கு ஒரு சோதனை உண்டு. அடி வாங்கிய பட்டாளத்துக்கு இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். பழகிய வீரர்களுக்குக் கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் நிற்பார்கள். கால்வாசிப் பேர் விழுந்திருந்தால் 6 வேண்டும். பக்கத்துப் பட்டாளமும் ஓடிவிட்டால் 7, விலாப்புறத்தில் எதிரியும் தெரிந்தால் 8.

இரண்டு பகடைகள் விழ மொத்தம் 36 வழிகள். அதில் 5 அல்லது அதற்கு மேல் வருவது 30 வழிகளில். 6 என்றால் 26, 7 என்றால் 21, 8 என்றால் வெறும் 15. ஒவ்வொரு படியிலும் பறிபோகும் வழிகள் 4, 5, 6 என்று ஏறுவதைக் கவனியுங்கள். ஒரே அளவு அடிதான், ஆனால் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட ஆழமாக இறங்குகிறது. 7ஐத் தர ஆறு வழிகள் இருப்பதால் நடுவில்தான் கூட்டம் அதிகம். அங்கே ஒரு படி சறுக்கினால் மொத்தமாகச் சறுக்கும். ஒரே பகடையாக இருந்தால் ஒவ்வொரு படிக்கும் ஆறில் ஒரு பங்குதான் போகும், பத்திரப் பதிவுக் கட்டணம் மாதிரி. பயம் அப்படியா பரவும்? முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் திடீரென்று வரிசையே கலையும். இரண்டு மரத்துண்டுகளைக் கூட்டினாலே இந்த வளைவு கிடைத்துவிடுகிறது என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

இதைப் பள்ளியில் நிகழ்தகவு என்ற பெயரில் சூத்திரமாக விழுங்க வைத்தார்கள். ஒரு பகடையையாவது கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால், தாயம் விழக் கட்டையை ஊதுகிற பழக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கும். என் நண்பன் பொறியாளன், அவனும் ஊதுவான். ‘மூன்று தடவை கம்மியாக விழுந்தாச்சு, இனிமேல் பெரிசுதான்’ என்பான். பகடைக்கு ஏது ஞாபகம்?

குன்றின்மேல் எனக்கு இரண்டு பட்டாளங்கள். இடப்பக்கம் புதிதாகச் சேர்த்த விவசாயிகள், வலப்பக்கம் அரசரின் மெய்க்காவலர்கள். காவலர்களுக்கு 3 வந்தாலே போதும்; 36இல் 35 வழிகள் என் பக்கம். விவசாயிகள் முதல் சுற்றிலேயே ஓடினார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் ஓடியதைப் பார்த்ததால் காவலர்களுக்கு இனி 4 வேண்டும். அப்போதும் 33 வழிகள் இருக்கின்றனவே என்று அலட்சியமாக உருட்டினேன்.

ஒன்றும் இரண்டும் விழுந்தன.

விவசாயிகள் நின்றிருந்தால் அந்த மூன்றே போதும். நண்பன் காவலர்களை ஒவ்வொருவராக மேஜையின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே, ‘ஊதாமல் உருட்டினால் இப்படித்தான்’ என்றான்.