ஆச்சி கார்டும் மூன்று நாள் கணக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய பெரிய வீடுகளில் இப்போது வயதானவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஆச்சி ஏடிஎம் கார்டை டிரைவரிடம் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லி, பணம் எடுத்து வரச் சொல்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நம்பரை நாமே சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனதெல்லாம் நம் நஷ்டம்தான். ரிசர்வ் வங்கி விதி அப்படி.

கார்டில் இருக்கும் சிப் நல்ல பாதுகாப்புதான். முன்பு பின்பக்கக் காந்தப் பட்டையில் இருந்த விவரம் மாறவே மாறாது. ஏடிஎம்மில் கார்டு செருகும் இடத்தில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி அதைப் படித்து, வேறொரு கார்டில் ஏற்றி, அச்சு அசலாக இன்னொன்று செய்துவிடுவார்கள். சிப்புக்குள் இருக்கும் ரகசியச் சாவி வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சாவியை வைத்து, அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் குறியீட்டை சிப் கணக்கிட்டுத் தரும், வங்கி அதைச் சரிபார்க்கும். கண்டாங்கிச் சேலைக் கடையில் உருவான குறியீட்டை யாராவது திருடினாலும் அடுத்த கடையில் அது செல்லாது. இதனால்தான் 2015 செப்டம்பர் 1 முதல் புதிய கார்டுகளில் சிப்பும் பின்னும் கட்டாயமாயின, பழையவற்றை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றச் சொன்னார்கள்.

ஆனால் பின் நம்பரை அழுத்துவது யார் என்று சிப்புக்குத் தெரியாது. போனில் ஓடிபி கேட்டு ஏமாற்றுபவனையும் அது தடுக்காது. ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு, பின் இல்லாமல் 5,000 ரூபாய் வரை தட்டிச் செலுத்தும் வசதி, இவற்றில் வேண்டாததை வங்கி ஆப்பிலேயே நிறுத்தி வைக்கலாம்.

நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, பணம் மட்டும் போயிருக்கிறது என்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, பணம் எடுக்கப்பட்டதாக வங்கியின் செய்தி வந்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். செய்தி வந்த நாளும் விடுமுறையும் கணக்கில் சேராது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் தலையில் விழும், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000. அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மேல் தவறு என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும், இதை யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்லுங்கள்.

செய்தி எந்த நம்பருக்குப் போகிறது? எப்போதோ கொடுத்த, இன்று யாரிடமும் இல்லாத சிம்முக்குப் போனால் மூன்று நாளும் தெரியாமலே ஓடிவிடும். முதலில் அதை மாற்றுங்கள். பணம் போனது தெரிந்தவுடன் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்கி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்கும் அழையுங்கள்.

டிரைவரை அனுப்பாமல் எப்படி என்று கேட்பீர்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் வசதியைச் செய்யுமாறு 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கட்டணம் இருக்கலாம், கிளையில் கேளுங்கள்.