வட சென்னையில் ஜன்னலை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

அலுமினிய ஜன்னல் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வேலை பெரும்பாலும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம். ஸ்லைடிங் கதவு நகரவில்லை, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது, கண்ணாடி மங்கிவிட்டது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் பழுதே இருக்காது, அழுக்குதான் இருக்கும். “வருஷத்துக்கு ஒருவாட்டி, போகிக்கு முன்னாடி துடைப்போம்ண்ணே” என்பார்கள். தூசி குறைந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை துடைத்தாலே சமாளிக்கலாம். நம் பக்கம் அது நடக்காது.

எண்ணூர் விரைவு சாலையில் ராத்திரி பகலாகக் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுக நிலக்கரித் தூள், மணலித் தொழிற்சாலைப் புகை எல்லாம் காற்றில் கலந்து வருகின்றன. மாதவரம், பெரம்பூர் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களில் சிமெண்ட் தூசி வேறு. இத்தனைக்கும் மேலே கடல் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கரைந்து ஈரப் படலமாகிவிடும். நம் ஊரில் ராத்திரியில் அது தாண்டாத நாள் குறைவு. அந்த ஈரத்தில் தூசி ஒட்டும், மறுநாள் வெயிலில் காயும், ராத்திரி அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏறும். ரியாத்திலிருந்து ஊர் திரும்பிய ஒரு வாடிக்கையாளர், அங்கே பிரஷ்ஷால் தட்டினாலே மணல் உதிர்ந்துவிடும் என்று இங்கேயும் அதையே செய்துகொண்டிருந்தார். வறண்ட பாலைவனத் தூசி உதிரும். நம் தூசி இழுபட்டுப் பூசிக்கொள்ளும்.

காய்ந்த துணியால் கண்ணாடியைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். மணல் துகளின் கடினம் மோஸ் அளவில் 7, கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. தூசியோடு தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும், அவை போகாது. காலை வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது பாருங்கள், வட்ட வட்டமாகத் தெரியும்.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கொசு வலையை. ஜன்னலில் வருகிற காற்று முழுக்க அதன் வழியாகத்தான் வருகிறது. தூசி அடைத்த வலைக்குப் பக்கத்தில் ஃபேன் போட்டால் அந்தத் தூசிதான் படுக்கையில் விழும். ரோட்டைப் பார்த்த ஜன்னல் என்றால் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இரண்டு பக்கமும் ஒற்றித் துடையுங்கள். மாதம் ஒருமுறை வலையைக் கழற்றி, பாத்ரூமில் சோப்புத் தண்ணீர் ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் காய வையுங்கள். வீட்டில் வீஸிங் உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் அந்த நேரம் அவர்கள் வேறு அறையில் இருக்கட்டும். துடைப்பவரும் மாஸ்க் போடுங்கள்.

அடுத்தது டிராக், அதாவது ஸ்லைடிங் கதவு ஓடுகிற அடிப் பள்ளம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் அழுக்கைக் கிளறிவிட்டு ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். கதவு இறுகுகிறது என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அதில் தூசி சேர்ந்து களிம்பாகி ரோலரையே தின்றுவிடும். கழுவிக் காயவைத்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும். டிராக்கில் உப்பழுக்கு ஈரத்தோடு கிடந்தால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். அதற்குப் பிறகு பாலிஷ் போட்டும் பயனில்லை.

கண்ணாடி ரோட்டுப் பக்கம் மாதம் ஒருமுறை, மற்ற பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிடுங்கள். பிறகு பக்கெட் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு கலந்து துடைத்து, வைப்பரால் மேலிருந்து கீழே இழுங்கள். உச்சி வெயிலில் செய்தால் சோப்பு அப்படியே காய்ந்து கோடு போடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் வையுங்கள். நம் கடலோர போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். விழுந்த புள்ளிக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தடவி, உடனே அலசுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். ஃபிரேமின் பவுடர் கோட்டிங்கும் அலுமினியமும் அதோடு போய்விடும்.

மாடி வீட்டில் வெளிக் கண்ணாடியைத் துடைக்க ஜன்னல் விளிம்பில் ஏறி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கைப்பிடி நீளமான வைப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் எட்டாத இடம் அழுக்காகவே இருக்கட்டும்.

போகிக்கு முன்னால் துடைப்பதை விட்டுவிட்டு, புகை அடங்கிய பிறகு துடையுங்கள். டயர் கொளுத்திய கரி எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்திருக்கும், சோப்பு இல்லாமல் வராது.

இன்னொரு முறை புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். டிராக்கின் வெளிப்பக்கம் அடியில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். பல வீடுகளில் அவை மண்ணால் அடைத்திருக்கும், சில வீடுகளில் பெயின்ட்காரர் பூசியே மூடியிருப்பார். மழைத் தண்ணீர் அறைக்குள் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். பிறகு டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வெளியே வடிந்தால் சரி. தேங்கினால் மழைக்கு முன்பே ஆளைக் கூப்பிடுங்கள், ஐப்பசியில் எங்களைப் பிடிப்பது கஷ்டம்.